உன் முதல் நாள், என் முதல் நாள்

பிரபு, போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. யாழினியை முதல் முறையாகப் பிளே ஸ்கூலில் விட்ட கதையை அரை மணி நேரம் சொன்னாய். கேட்டுக்குள் போனதும் அவள் உன் பக்கம் திரும்பி அழுதது, நீ லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கு எதிரே காரிலேயே பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தது, ஜன்னலில் அவள் தலை தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தது எல்லாம் சொன்னாய். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சுகன்யாவ நெனச்சாதான் எனக்கு ஆச்சரியமா இருக்குதும்மா. பத்து நிமிஷத்துல பைய மாட்டிகிட்டு ஆஸ்பத்திரி லேபுக்குக் கெளம்பிட்டா. ஒரு சொட்டு கண்ணீர் இல்ல. நான் கேட்டுப்புட்டேன். எங்கம்மா பால்வாடியில என்னை ஒரு நிமிஷம் கண்ணுக்கு மறைவா விட்டதில்ல, நாள் பூரா கூடவே இருந்தாங்க, நீயெல்லாம் என்னா அம்மான்னு கேட்டேன்" என்றாய். அவள் பதில் பேசவில்லை என்றும், நாலு நாளாக இருவருக்கும் பேச்சே இல்லை என்றும் சொன்னாய். நான், "சரி விடு, இங்க இன்னும் வெயில் கொறையல" என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

அப்படி மாற்றியது தப்பு. முப்பது வருஷமாக நான் இதைத்தான் செய்துவருகிறேன். அம்மாவே டீச்சர், நீ கொடுத்துவைத்தவன் என்று யார் சொன்னாலும் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். உன் கல்யாணத்தின்போது பெண் வீட்டாரிடம் உன் அப்பாவே இதைப் பெருமையாகச் சொன்னார். அப்போதும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை எடுத்துக்கொண்டுபோய் நீ இப்போது உன் பெண்டாட்டியை வார்த்தையால் அடித்திருக்கிறாய். அதனால் எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் நீ "விடும்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். எழுத ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டு உன் அப்பா, "அத எதுக்கு இப்ப கெளர்ற? அவனுக்கு நெனப்பே இருக்காது" என்றார். உனக்கு நினைப்பு இல்லாததுதான் இப்போது பிரச்சினை. எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறேன். எத்தனையோ பிள்ளைகளின் முதல் நாளைப் பார்த்துவிட்டேன். மற்றவை ஒன்றோடொன்று கலந்துவிட்டன. உன்னுடையது மட்டும் தனியாக நிற்கிறது.

நாம் அப்போது ஜங்ஷன் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில் ஒற்றை அறை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். உன் அப்பா செராமிக் பட்டறையில் வெள்ளை மண்ணை அச்சில் வார்க்கிற வேலை பார்த்தார். காலையில் கறுப்பாகப் போவார், மாலையில் வெள்ளையாக வருவார். காது மடல், புருவம், நகக்கண் எல்லாம் மண் ஏறியிருக்கும். நீ பிறந்தாய். நான் வீட்டில் இருந்தேன். என் அம்மா வீடு கம்மாபுரம் பக்கம். நிலத்தோடு வீடும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய், என் அண்ணன் குடும்பம் எங்கேயோ புது மனையில் கூரை போட்டுக்கொண்டு கிடந்த நேரம் அது. உன்னைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வர எனக்கு இடம் இல்லை. ஆகவே நீயும் நானும் அந்த ஒற்றை அறையும் மட்டும்தான். நீ என் இடுப்பிலேயே வளர்ந்தாய். தண்ணீர்க் குழாயடியிலும் இடுப்பில், அடுப்படியிலும் இடுப்பில். நான் குளிக்கும்போது தகரக் கதவுக்கு வெளியே நின்று "அம்மா இருக்கியா, அம்மா இருக்கியா" என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். நான் உள்ளிருந்து "இருக்கிறன்டா, இருக்கிறன்டா" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் ஊற்றிக்கொள்வேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அது அப்படித்தான் இருந்தது.

உனக்கு மூன்று வயது நிறைவதற்குக் கொஞ்சம் முன்னால் பால்வாடி டீச்சர் வேலைக்கு எனக்கு ஆர்டர் வந்தது. பட்டறைகளைத் தாண்டி, ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், வேலையாட்களின் குடித்தனங்களுக்கு நடுவே இருந்த ஓட்டுக் கட்டடம். உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. உனக்கும் பால்வாடி வயதுதான். அதனால் நான் வேலையில் சேர்ந்த நாளும் நீ பால்வாடியில் சேர்ந்த நாளும் ஒன்றாகிவிட்டன. உன் அப்பாவுக்கு அதில் பெரிய நிம்மதி. "உனக்கென்ன, புள்ளையயும் பாத்துக்கலாம், வேலையயும் பாத்துக்கலாம்" என்றார். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், முந்தின நாள் ராஜாம்பாளைப் பார்க்கும் வரை.

ராஜாம்பாள் அங்கே சமைக்கிற ஆயா. ஆயா என்றதும் வயதானவள் என்று நினைத்துக்கொள்ளாதே. அப்போது அவளுக்கு என் வயதுதான். சாவி வாங்கிக்கொள்ளப் போனபோது என்னை உட்காரவைத்துச் சொன்னாள். "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு முன்னாடி இருந்தவங்களும் புள்ளையக் கூட்டிகிட்டுதான் வந்தாங்க. அதுக்குத் தனித் தட்டு, அதுக்குன்னு ஒரு முட்டை. மடியவிட்டு எறக்க மாட்டாங்க. இங்க பொம்பளைங்கல்லாம் பட்டறைக்குப் போறவங்க. புள்ளைய விட்டுட்டுப் போறப்ப வயிறு எரியும் இல்ல? ஒரு நாளு எல்லாம் கூடி நின்னு கத்தித் தீத்துட்டாங்க. மேலதிகாரி வந்து, அந்தம்மாவ மாத்திட்டாங்க. நாளைக்கு உங்களத்தான் பாப்பாங்க." அவள் மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னாள். வீட்டுக்கு நடந்து வரும்போதே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் உன்னைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு, நீல டிராயரும் கோடு போட்ட சட்டையும் மாட்டிவிட்டேன். நான் கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டிக்கொண்டேன். வழியில் உன்னை இடுப்பிலிருந்து இறக்கி நடக்கவைத்தேன். "இத பாரு தம்பி, அங்க போனா என்னைய அம்மான்னு கூப்புடக் கூடாது. டீச்சர்னு கூப்புடணும். எங்க சொல்லு?" என்றேன். உனக்கு அது புது விளையாட்டாகத் தெரிந்தது. "டீச்சர்" என்றாய். "இன்னொரு தடவை." "டீச்சர், டீச்சர்" என்று தெரு முழுக்கக் கத்திக்கொண்டு குதித்து வந்தாய். டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. நீ புரிந்துகொண்டாய் என்று நினைத்தேன். மூன்று வயதுகூட நிரம்பாத பிள்ளை எதைப் புரிந்துகொள்ளும் என்று அப்போது எனக்குத் தெரியாது. நானும் வேலைக்குப் புதிது.

நாம் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகளும் தாய்மாரும் வாசலில் நின்றிருந்தார்கள். எட்டரைக்கெல்லாம் பட்டறையில் நிற்க வேண்டியவர்கள். ஆனாலும் அன்றைக்கு யாரும் உடனே கிளம்பவில்லை. முழங்கை வரை வெள்ளைத் தூசு படிந்த கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்று பார்த்தார்கள். ராஜாம்பாள் சொன்னது சரி. என்னைப் பார்க்கவில்லை, என்னையும் உன்னையும் சேர்த்துப் பார்த்தார்கள். நான் பாயை விரித்துப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்தேன். உன்னை வரிசையின் கடைசியில், கதவோரம் உட்காரவைத்தேன். ரிஜிஸ்டரை எடுத்துப் பெயர் எழுதத் தொடங்கினேன். நீ எழுந்து வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாய். நான் உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, திரும்பக் கொண்டுபோய் உட்காரவைத்தேன். மறுபடி வந்தாய். மறுபடி பிரித்தேன். மூன்றாவது முறை "அம்மா" என்று அழ ஆரம்பித்தாய். ஜன்னலில் இருந்தவர்களுக்குக் கேட்கிற மாதிரி, "இங்க அம்மா இல்ல. டீச்சர்தான்" என்றேன். நீ அழுகையை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாய். விளையாட்டு இவ்வளவு நேரம் நீளும் என்று நீ நினைத்திருக்க மாட்டாய்.

அன்றைக்கு இன்னொரு பிள்ளைக்கும் முதல் நாள். மீனா என்று பெயர். அவளுடைய அம்மா அஞ்சலை, பட்டறையில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளுக்கு ஈர ஸ்பாஞ்சால் விளிம்பு துடைக்கிறவள். மீனா அவள் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, இறங்க மாட்டேன் என்று வீறிட்டாள். அஞ்சலை அவளைப் பிய்த்து என் கையில் திணித்துவிட்டு, "டீச்சர், கொஞ்சம் பாத்துக்குங்க டீச்சர், நேரமாயிட்டுது" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். போனவள் கேட்டைத் தாண்டவில்லை. தூணுக்குப் பின்னால் நின்றிருந்தது எனக்குத் தெரிந்தது. நான் மீனாவை இடுப்பில் வைத்துக்கொண்டேன். முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அவள் என் தோளில் முகத்தைப் புதைத்து விம்மினாள். கழுத்தெல்லாம் எச்சிலும் மூக்குச் சளியுமாக ஆக்கினாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டே அறைக்குள் இங்கும் அங்கும் நடந்தேன். அதுதான் என் வேலை. புதுப் பிள்ளை அழுதால் டீச்சர் தூக்கிக்கொள்ள வேண்டும். நீயும் புதுப் பிள்ளைதான் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

நீ எழுந்து வந்து என் காலைக் கட்டிக்கொண்டு, "எறக்கு, எறக்கு" என்றாய். நான் நடந்தேன். நீ காலோடு இழுபட்டு வந்தாய். மீனாவின் கால் உன் முகத்துக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. நீ அதைப் பிடித்து ஆடுசதையில் கடித்துவிட்டாய். நன்றாகவே கடித்தாய். பல் பதிந்து சிவந்துவிட்டது. மீனா அலறினாள். வெளியே "ஐயோ" என்று அஞ்சலையின் குரல் கேட்டது. நான் மீனாவை இறக்கவில்லை. அவளை இடது இடுப்பில் வைத்தபடியே குனிந்து, வலது கையால் உன் முதுகில் அடித்தேன். ஒன்று இல்லை, இரண்டு. அதுவரை உன்னை நான் அடித்ததே இல்லை. இன்று வரை யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன். முதல் அடி கோபத்தில் விழுந்தது. இரண்டாவது அடி ஜன்னலுக்காக விழுந்தது.

நீ அழுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ அழாமல் என் காலை விட்டுவிட்டாய். போய்க் கதவோரம் உன் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாய். ஜன்னலில் ஒருத்தி இன்னொருத்தியிடம், "பரவால்லடி, இந்த டீச்சரு நேர்மையா இருக்குது" என்றது எனக்குக் கேட்டது. அதன் பிறகுதான் அவர்கள் ஒவ்வொருவராகப் பட்டறைக்குப் போனார்கள். அஞ்சலையும் போனாள். கொஞ்ச நேரத்தில் உன் டிராயர் ஈரமாகியிருந்தது. ராஜாம்பாள்தான் பார்த்து, பேசாமல் கொண்டுபோய்க் கழுவிவிட்டு, அவளுடைய பழைய துண்டு ஒன்றை உனக்கு இடுப்பில் சுற்றிவிட்டாள். மதியம் சோறு போட்டபோது எல்லாப் பிள்ளைகளும் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் வந்தார்கள். நீயும் துண்டைக் கட்டிக்கொண்டு வரிசையில் வந்தாய். உன் முறை வந்ததும் தட்டை நீட்டி, என் முகத்தைப் பார்க்காமல், "டீச்சர், எனக்கு" என்றாய்.

ராஜாம்பாள் கரண்டியோடு நின்றுவிட்டாள். "யப்பா, என்னா புத்திசாலி புள்ள. பாத்தீங்களா டீச்சர், ஒரே நாள்ல கத்துகிட்டான்" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். பெருமையாகத்தான் இருந்தது. பிள்ளைகள் சாப்பிட்ட பிறகு அவர்களைத் தூங்கவைத்தோம். மீனா என் பக்கத்தில் தூங்கினாள். நீ உன் பாயை இழுத்துக்கொண்டுபோய், சமையல் கட்டு வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ராஜாம்பாளின் முதுகுக்குப் பின்னால் போட்டுத் தூங்கினாய்.

சாயங்காலம் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்ததும் உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். "முடிஞ்சிது. இப்ப அம்மான்னு கூப்புடு" என்றேன். நீ முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டாய். வீட்டுக்கு வந்தோம். உன் அப்பா வந்தார், கை கால் கழுவிக்கொண்டு உன்னை மடியில் வைத்துக்கொண்டு, "ஸ்கூலு எப்பிடிடா இருந்துச்சி?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்து, "டீச்சர், தண்ணி" என்றாய். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு உன்னைத் திரும்பச் சொல்லவைத்தார். நீயும் சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாளும் சொன்னாய். அதற்கு மறுநாளும் சொன்னாய். வீட்டில், குழாயடியில், கடைத்தெருவில், எங்கும் எனக்கு அதுதான் பெயர். நான் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று கேட்பதையும் நிறுத்திவிட்டாய். ஒரு வாரம் போனதும் உன் அப்பாவின் சிரிப்பு நின்றது. "என்னாடி பண்ணுன புள்ளைய?" என்று கேட்டார். "ஒண்ணும் பண்ணல. பழக்கத்துல சொல்றான்" என்றேன். அடித்ததை அவரிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவருக்கும் தெரியப்போகிறது.

நீ எப்போது மறுபடி என்னை அம்மா என்று கூப்பிட்டாய் என்று கேட்பாய். அதிலும் நான் நல்லபடி நடந்துகொள்ளவில்லை. மூன்று வாரம் போயிருக்கும். ஒரு நாள் மேலதிகாரி அம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்து ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளை எடை போட்டுக்கொண்டிருந்தோம். விட்டத்தில் தராசு தொங்கும், அதில் துணித் தொட்டியை மாட்டிப் பிள்ளைகளை உட்காரவைப்போம். மீனா தொட்டியில் ஆடிக்கொண்டே என்னைப் பார்த்து, "அம்மா, எறக்கி விடும்மா" என்றாள். சின்னப் பிள்ளைகள் வாய் தவறி டீச்சரை அப்படிக் கூப்பிடுவது சகஜம். நீ வரிசையிலிருந்து பாய்ந்து வந்து, "எங்கம்மா! ஒங்கம்மா இல்ல. எங்கம்மா!" என்று கத்தினாய். மூன்று வாரமாக உள்ளே வைத்திருந்தது மொத்தமும் அந்தக் கத்தலில் வந்தது.  அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உனக்கே தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. மேலதிகாரி தலையைத் தூக்கிப் பார்த்தார். நான், "பிரபு, டீச்சர்னு சொல்லணும். போயி வரிசைல நில்லு" என்றேன். நீ போய் வரிசையில் நின்றாய்.

அன்று சாயங்காலம் வீட்டில் நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது, பின்னால் வந்து நின்று, "அம்மா, எம் பந்து அடுப்புக்குக் கீழ போயிட்டுது" என்று சொன்னாய். எதுவுமே நடக்காதது போலச் சாதாரணமாகச் சொன்னாய். நான் பந்தை எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் பால்வாடியில் டீச்சர். சாயங்காலம் அம்மா. யாரும் சொல்லித் தராமல் நீயாகவே இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டாய். ஒன்றாம் வகுப்புக்குப் போகும் வரை ஒரு நாளும் தவறவில்லை. ஊரெல்லாம் உன்னை மெச்சியது. நீயும் எல்லாவற்றையும் மறந்து, அம்மா நாள் பூரா கூடவே இருந்தாள் என்பதை மட்டும் வைத்துக்கொண்டாய். அது பொய் இல்லை. நான் அந்த அறையில்தான் இருந்தேன்.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, பாவம், அம்மாவுக்கு வேலை போய்விடுமோ என்ற பயம், நாலு பேர் பேசுவார்களோ என்ற பயம் என்று நீ எனக்காகக் காரணம் சொல்லிக்கொள்வாய். உன் சுபாவம் அது. பயம் இருந்ததும் உண்மை. ஆனால் பயம் மட்டும் என்றால் இதை உனக்கு எழுதியிருக்க மாட்டேன். பயம் ஜன்னலோரத்துப் பெண்கள் போனதோடு போய்விட்டது. அவர்கள் போன பிறகும் மத்தியானம் வரை மூன்று மணி நேரம் இருந்தது. ஒரு தடவை உன்னைக் கூப்பிட்டு மடியில் வைத்திருக்கலாம். ராஜாம்பாள் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். நான் கூப்பிடவில்லை. ஏனென்றால் எனக்கு அந்தக் காலை நேரம் பிடித்திருந்தது, பிரபு. ரிஜிஸ்டரின் மேல் என் பெயரை நானே எழுதினேன். வேலைக்குப் போட்ட மனுவை விட்டால், கல்யாணத்துக்குப் பிறகு என் பெயரை நான் எழுதியது அதுதான் முதல் முறை. உன்னைத் தவிர இருபத்திரண்டு பிள்ளைகள் நான் கையைத் தூக்கினால் கையைத் தூக்கினார்கள், நான் பாடினால் பாடினார்கள். அதில் யாரும் என் உடம்பிலிருந்து வந்தவர்கள் இல்லை. சாயங்காலமானால் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என் இடுப்பு எனக்கே சொந்தமாக இருந்தது போல இருந்தது. அதில் மீனா இருந்தாள், இருந்தும் அப்படித்தான் இருந்தது. நீ முதலில் அழுதது என் காதில் விழாமல் இல்லை. விழுந்தது. மற்ற குரல்களோடு ஒரு குரலாக விழுந்தது.

இதற்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அடித்ததற்குக் கேட்கிறேன், அதுவும் இரண்டாவது அடிக்கு. எடை போட்ட அன்று வரிசைக்கு அனுப்பியதற்குக் கேட்கிறேன். ஆனால் அந்தக் காலை நேரம் எனக்குப் பிடித்திருந்ததற்கு மன்னிப்புக் கேட்க முடியாது. அதைக் கேட்டால் அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த அத்தனை வருஷத்துக்கும் கேட்க வேண்டிவரும். உன்மேல் எனக்குப் பாசம் குறைவாக இருந்தது என்றும் நினைக்காதே. அன்றைக்கு ஈர டிராயரைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த உன் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டும் ஒரே நாளில், ஒரே ஆளுக்குத்தான் நடந்தன. பால்வாடியில் பிள்ளையை விட்டுவிட்டுத் தூணுக்குப் பின்னால் நிற்கிற தாய்மாரையும் பார்த்திருக்கிறேன், விட்டதும் திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடக்கிற தாய்மாரையும் பார்த்திருக்கிறேன். இதில் யாருடைய பிள்ளை நன்றாக வளர்ந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் பார்த்தவரை இரண்டு வகைப் பிள்ளைகளும் பத்தாவது நாள் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

நீ காரில் உட்கார்ந்திருந்தது நல்லதுதான். உட்கார வேண்டும் என்று தோன்றியது, உட்கார்ந்தாய். அதை எடுத்துக்கொண்டுபோய் இன்னொருத்திக்கு அளவுகோலாக வைக்காதே. என்னையும் வைக்காதே. நான் அதற்குச் சரியான அளவு இல்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்புவதற்கு முன்னால் நேற்று மத்தியானம் சுகன்யாவுக்குப் போன் போட்டு, இதுவரை எழுதியதை முழுவதும் வாசித்துக் காட்டினேன். அவளைப் பற்றிய பேச்சு இதில் இருக்கிறது, அவளுக்குத் தெரியாமல் அனுப்பக் கூடாது என்று பட்டது. நடுவில் லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு தடவை கேட்டேன். "இருக்கிறேன் அத்தை, படிங்க" என்றாள். முடித்ததும், "ஒண்ணு கேக்கட்டா அத்தை? அதெல்லாம் நடந்த அன்னிக்கு, மத்தியானம் நீங்க என்னா பண்ணீங்க?" என்று கேட்டாள். அதை எழுத மறந்துவிட்டேன். பிள்ளைகள் எல்லாம் தூங்கின பிறகு நானும் ராஜாம்பாளும் சமையல் கட்டில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டோம். எதற்கோ சிரித்தோம்கூட. அதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

 அதன் பிறகுதான் அவள் சொன்னாள். "நான் யாருகிட்டயும் சொல்லல அத்தை. யாழினிய விட்டுட்டுப் போன அன்னிக்கு ஆஸ்பத்திரி கேன்டீன்ல ஃபுல் மீல்ஸ் வாங்கிக்கிட்டு, தனியா ஒரு டேபிள்ல உக்காந்தேன். குழம்பு ஊத்துனேன். அப்பதான் கவனிச்சேன், சோத்துல ஆவி வருது. அவ பொறந்ததுலேருந்து நான் சூடா சாப்புட்டதே இல்ல அத்தை. ஒரு பருக்கை விடாம சாப்புட்டேன். அது தப்புன்னு நெனச்சிகிட்டு இருந்தேன். அவரு அப்பிடிக் கேட்டப்ப, இது தெரிஞ்சிதான் கேக்குறாரோன்னு பதில் சொல்ல வாயே வரல."

இதை எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதிடுங்க என்றாள்.